வாப்பா கேட்ட கேள்வி

மனிதன் கேட்கும் கேள்விகளுள் சில, விடை கிடைத்தவுடன் மறந்துபோகின்றன. வேறு சில, விடை கிடைத்த பின்னரும் உள்ளத்தை விட்டு அகல்வதில்லை. என் தந்தையார் 2007-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவாறே என்னிடம் கேட்ட கேள்வி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

"தம்பி, பழைய குழாய் அடைச்சது சரி. அது அறுபது வருசமா ஓடின குழாய். புதுசா வெச்ச குழாய் ஏன் அடைக்கணும்?"

கேட்டவர் குழாய்களைப் பற்றி அறியாதவர் அல்லர். காயல்பட்டினத்தில் நாற்பது ஆண்டுகள் இரும்புச் சாமான் கடை நடத்தியவர். முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று அளவு வாரியாக அடுக்கி வைத்த குழாய்களுக்கு நடுவேதான் அவருடைய வாழ்க்கை கழிந்தது. எங்கள் ஊரோ கடற்கரை ஊர். எந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு எந்தக் குழாய் தாங்கும், எத்தனை ஆண்டில் உப்புப் படிந்து அடைபடும் என்பதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் கொடுத்த குழாய் பதினோரு ஆண்டுகளில் அடைத்துக்கொண்டது என்று யாரேனும் வந்து முறையிட்டிருந்தால், அதைத் தம் நாணயத்திற்கு நேர்ந்த இழுக்காகவே கருதியிருப்பார்.

அவருடைய நெஞ்சில் வைத்த குழாய்கள்தாம் பதினோரு ஆண்டுகளில் அடைத்துக்கொண்டன.

1996-ஆம் ஆண்டில், அவருடைய அறுபத்திரண்டாம் வயதில், சென்னையில் ஒரு மருத்துவமனையில் வாப்பாவுக்குப் பைபாஸ் அறுவை நடந்தது. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் மூன்று அடைபட்டிருந்தன. அடைப்பை நீக்குவதற்குப் பதிலாக, அடைப்பைச் சுற்றிக்கொண்டு செல்லும் மாற்று வழிகளை அமைப்பதே அந்த அறுவை. ஒரு தமனிக்கு, மார்பெலும்பின் உட்புறத்தில் ஓடும் தமனி ஒன்றைத் திருப்பிவிட்டு இணைத்தார்கள். மற்ற இரண்டுக்கும் இடது காலிலிருந்து ஒரு நீண்ட சிரையை எடுத்துத் துண்டுகளாக்கிப் பொருத்தினார்கள். நெஞ்சு வலி என்று போனவர் காலில் கணுக்காலிலிருந்து தொடை வரை தையலோடு திரும்பி வந்ததை எங்கள் உறவினர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். வாப்பாவுக்கு அதில் ஒரு பெருமையே இருந்தது. "சாமான் வெளியிலேயிருந்து வாங்கல்ல; நம்ம கடை ஸ்டாக்கிலேயே இருந்தது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பத்து ஆண்டுகள் நலமாகவே இருந்தார். கடைக்குப் போனார், பேரப்பிள்ளைகளின் திருமணங்களை நடத்தி வைத்தார், களறிச் சாப்பாட்டில் ஒரே சஹனைச் சுற்றி நண்பர்களோடு அமர்ந்தார். பதினோராம் ஆண்டில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கிற்று. பிறகு படுக்கையிலேயே நெஞ்சு இறுகிற்று. திருநெல்வேலியில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தபோது, மார்புத் தமனியிலிருந்து இணைத்த வழி புதிதுபோல் திறந்திருந்தது. காலிலிருந்து எடுத்து வைத்த இரண்டில் ஒன்று முழுதும் மூடிக்கிடந்தது. மற்றொன்று மூடும் தறுவாயில் இருந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு நீதிமன்றம் கூடிற்று. நோய் வந்த வீடுகளில் இத்தகைய நீதிமன்றம் கூடாத வீடு உண்டா? குற்றம் நிகழ்ந்திருக்கிறது, குற்றவாளி யார் என்பதே வழக்கு. மருத்துவர் சரியாகத் தைக்கவில்லை என்றார் ஒரு மாமா. கடைக் கவலை என்றார் மற்றொருவர். இறுதியில், வழக்கம்போல, தீர்ப்பு அடுக்களையை நோக்கித் திரும்பிற்று. "நெய்ச்சோறும் வட்டலப்பமுமா ஆக்கிப் போட்டா, வேற என்ன ஆகும்?" என்று என் பெரிய மாமி சொன்னார்கள். அங்கிருந்தவர்களில் யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

உம்மா எதுவும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனார்கள். மறுநாள் காலையில் அடுக்களை அலமாரியில் நெய் வைக்கும் சாடி இல்லை. பதினோரு ஆண்டுகளாக வாப்பாவுக்கென்று தனிச் சட்டியில் எண்ணெய் குறைத்து, உப்புக் குறைத்து ஆக்கியவர் என் தாயார். விருந்து நாள்களில் மட்டுமே நெய் அவருடைய தட்டுக்கு வரும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி இருக்கிறதே, அது மிகக் கொடிய நிம்மதி.

வாப்பாவின் கேள்விக்கு விடை தேடி நான் படிக்கத் தொடங்கியது இந்த நிலையில்தான். நான் மருத்துவன் அல்லன். உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் தங்கையின் மகள் அப்போது மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் நூலகத்திலிருந்து படியெடுத்துத் தந்த கட்டுரைகளை அகராதியும் கையுமாக இரவுகளில் படித்தேன். அந்தப் படிப்பு அந்த ஆண்டோடு நிற்கவில்லை, இன்றுவரை தொடர்கிறது.

இருதயம் தன் அறைகளில் நிரம்பியிருக்கும் இரத்தத்திலிருந்தே உணவு பெறுகிறது என்றுதான் முற்காலத்தவர் எண்ணினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னுந் நஃபீஸ், இப்னு சீனாவின் நூலுக்கு எழுதிய விரிவுரையில் இதை மறுத்தார். இருதயத்தின் உடலுக்குள்ளே பரவிச் செல்லும் குழாய்களே அதற்கு உணவளிக்கின்றன என்று எழுதினார். தன்னுள் அவ்வளவு இரத்தத்தை வைத்துக்கொண்டிருந்தும் தன் பங்கை வெளியிலிருந்து வரும் சிறு குழாய்களின் வழியாகவே பெறுகிறது இருதயம். பணப்பெட்டியைக் காவல் காக்கும் கணக்கப்பிள்ளை தம் சம்பளத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதுபோல! அந்தச் சிறு குழாய்களில் ஒன்று அடைபட்டால், பெட்டி நிறையப் பணம் இருந்தும் கணக்கப்பிள்ளை பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

அடைபட்ட குழாயைச் சுற்றி மாற்று வழி அமைக்கலாம் என்ற எண்ணம் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. இரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கும் கலையை உருவாக்கி, அதற்காக 1912-இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல், 1910-லேயே நாய்களிடம் இதை முயன்று பார்த்தார். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் எதிர்பாராதவாறு இருதயத் தமனி ஒன்றினுள் சாயம் பாய்ச்ச நேர்ந்தது. அந்தத் தற்செயலிலிருந்தே, உயிருள்ள மனிதனின் இருதயத் தமனிகளைப் படமெடுத்துப் பார்க்கும் முறை பிறந்தது. அதே மருத்துவமனையில் 1967-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரெனே ஃபவலோரோ காலின் சிரையை எடுத்து இருதயத்தில் மாற்றுவழி அமைத்தார். அர்ஜென்டினாவின் ஒரு சிற்றூரில் பன்னிரண்டு ஆண்டுகள் ஏழை மக்களுக்கு மருத்துவம் பார்த்துவிட்டு, அதன் பிறகே அமெரிக்கா சென்று இருதய அறுவை கற்றவர் அவர். இந்தியாவில் இந்த அறுவையை முதன்முதலாக 1975-இல் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன், செய்த இடம் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனை.

அறுவை பரவிய வேகத்திலேயே அதன் குறையும் வெளிப்படத் தொடங்கியது. கனடா நாட்டில் ஃபிட்ஸ்கிப்பன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1,388 நோயாளிகளின் 5,065 ஒட்டுக்குழாய்களை இருபத்தைந்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து படமெடுத்துப் பார்த்தார்கள். அறுவை முடிந்த சிறிது நாளில் சிரைக் குழாய்களில் நூற்றுக்கு 88 திறந்திருந்தன, ஓராண்டில் 81, ஐந்து ஆண்டுகளில் 75, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் சென்றபோது 50. இந்தக் கணக்கு அச்சில் வந்த ஆண்டு 1996. வாப்பாவின் காலிலிருந்து சிரை எடுக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். பாதிக்குப் பாதி என்ற அந்த எண்ணைக் கண்டபோது என் உடல் நடுங்கிற்று. உம்மாவின் நெய்ச்சோற்றை ஒருபோதும் உண்டறியாத அயல்நாட்டவர்களுக்கும் அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றனவே!

ஏன் அடைக்கின்றன? வாப்பாவின் கேள்வியிலேயே ஒரு பிழை இருந்தது. காலிலிருந்து எடுத்தது குழாய் அன்று; அது உயிருள்ள உறுப்பு. இரும்புக் குழாயை எங்கே பொருத்தினாலும் அது இரும்புக் குழாயே. சிரையோ தான் வந்து சேர்ந்த இடத்தை உணருகிறது. அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள முயலுகிறது. அந்த முயற்சியே அதற்குக் கேடாய் முடிகிறது.

காலின் சிரை, உடலுக்கு இரத்தம் வழங்கும் குழாய் அன்று. வழங்கிய இரத்தத்தை மெல்ல இருதயத்துக்குத் திருப்பிக் கொணரும் குழாய். நாம் படுத்திருக்கும்போது அதனுள் இருக்கும் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அதற்கேற்ற மெல்லிய சுவர் அதற்குப் போதும். இரத்தம் கீழே இறங்கிவிடாதபடி அங்கங்கே சிறு கதவுகளும் உண்டு. கிணற்றுப் பம்புக்குப் போடும் ஃபுட் வால்வு போன்றவை அவை. ஆதலால்தான் அறுவை மருத்துவர் சிரையைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துகிறார். அமைதியான ஒரு கால்வாயில் பழகிய அந்தச் சிரையைத் திடீரென்று எடுத்துப் பெருந்தமனியின் வாயில் வைத்துத் தைத்துவிட்டால் என்ன ஆகும்? அங்கே அழுத்தம் 120-க்கும் 80-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை அலை வந்து மோதுகிறது.

இதன் விளைவாக வரும் அடைப்பை ஆராய்ச்சியாளர்கள் மூன்று பருவங்களாகப் பிரிக்கின்றனர்.

முதலாவது, அறுவை நடந்த முதல் மாதம். சிரையின் உட்புறத்தில் ஒரே அணு அளவு தடிப்புள்ள மெல்லிய உட்படலம் ஒன்று இருக்கிறது. இரத்தம் உறையாமல் வழுக்கிச் செல்லக் காரணம் அந்தப் படலமே. காலிலிருந்து உரித்து எடுக்கும்போதும், கசிவு இருக்கிறதா என்று நீர்மம் செலுத்தி ஊதிப் பார்க்கும்போதும், அந்தப் படலம் அங்கங்கே கிழிந்துவிடுகிறது. கிழிந்த இடத்தில் இரத்தத்தின் சிறு தட்டணுக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன, கட்டி உறைகிறது, குழாய் மூடுகிறது. இதைத் தடுக்க ஆஸ்பிரின் உதவும் என்பது 1980-களில் நடந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. அறுவை முடிந்த ஓரிரு நாள்களுக்குள்ளேயே அதைத் தொடங்கிவிட வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. தலைவலிக்குப் போடும் அற்ப மாத்திரை என்று நாம் நினைப்பது எத்தனை ஒட்டுக்குழாய்களைக் காத்திருக்கிறது!

இரண்டாவது, அந்த முதல் மாதத்திலிருந்து ஓராண்டு வரை. சுவரின் நடு அடுக்கில் உறங்கிக்கிடந்த தசை அணுக்கள், அழுத்தத்தையும் காயத்தையும் உணர்ந்து விழித்துக்கொள்கின்றன. அவை பெருகி, உட்புறம் நோக்கி நகர்ந்து, நார்ப்பொருளைச் சுரந்து சுவரைத் தடிக்கச் செய்கின்றன. வெள்ளம் வருவதைக் கண்டு கரையை உயர்த்தும் குடியானவர்களைப்போல, சிரை தன்னைத் தமனியாக்கிக்கொள்ள முயலுகிறது. ஆனால் கரை வாய்க்காலின் உள்ளே வளர்ந்தால் நீர் ஓட இடம் ஏது? அந்த அளவோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் குழாய் மூடுவதில்லை. எனினும் தடித்த அந்த உட்சுவர்தான் மூன்றாவது பருவத்துக்கு விளைநிலமாகிறது.

மூன்றாவது, ஓராண்டுக்குப் பின் வரும் நீண்ட காலம். இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு அந்தத் தடித்த சுவரினுள் புகுந்து தங்குகிறது. பழைய தமனிகளில் பல பத்தாண்டுகளில் நிகழ்ந்த கேடு, இங்கே சில ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. தமனியில் படியும் கொழுப்புக்கு ஓரளவு கெட்டியான மூடி உண்டு. சிரையில் படிவதோ மென்மையானது, குழாயின் நீளம் நெடுகப் பரவுவது, எளிதில் உதிர்வது. அது வெடித்தால் அதன்மேல் இரத்தம் உறைந்து ஒரே நாளில் வழி அடைபடலாம். புகைப்பவர்களுக்கும் இரத்தக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் இது விரைந்து வருகிறது.

அவ்வாறாயின் மார்புத் தமனி மட்டும் எப்படித் தப்பிற்று? அது பிறப்பாலேயே தமனி. அழுத்தம் அதற்குப் புதிதன்று. அதை முழுதுமாக வெட்டி எடுப்பதில்லை. ஒரு முனையை மட்டும் விடுவித்து இருதயத்தில் இணைக்கிறார்கள். அதன் சுவரில் உள்ள மீள்தன்மை மிக்க உறை இடைவெளி அதிகமின்றி நெருக்கமாக அமைந்திருப்பதால், தசை அணுக்கள் உள்ளே நுழைவது அரிது. மேலும், அதன் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சிரையைவிட அதிகமாகச் சுரக்கிறது. குழாயைத் தளர்த்துவதும், தட்டணுக்களை ஒட்டவிடாமல் விரட்டுவதும் அந்த வாயுவே. அதன் பணியைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிளீவ்லண்ட் மருத்துவர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தமனியைப் பயன்படுத்தாமல் சிரையை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் மரண அபாயம் 1.61 மடங்கு என்று கண்டது. அதன் பின் அந்தத் தமனியைப் பயன்படுத்துவது எங்கும் வழக்கமாயிற்று. ஆனால் அடைப்புகள் பலவாக இருக்கும்போது மார்புத் தமனி மட்டும் போதாது. கைத் தமனியையும் சிலர் எடுக்கிறார்கள். இருந்தும், கையருகே எளிதில் கிடைப்பது காலின் சிரை என்பதால், இன்றும் பெரும்பான்மையான ஒட்டுகள் அதிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

சிரையை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். தசை அணுக்கள் பெருகுவதற்கான கட்டளையை அணுவின் உள்ளேயே தடுத்துவிடலாம் என்று எண்ணி எடிஃபோலிகைடு என்ற மருந்தை உருவாக்கினார்கள். தைப்பதற்கு முன் சிரையை அந்த மருந்தில் தோய்த்து எடுப்பது முறை. அமெரிக்காவில் 3,014 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு ஒரு சிரை ஒட்டாவது கெட்டிருந்தது. பெறாதவர்களில் 46 பேருக்கு. அத்தனை அறிவும் உழைப்பும் அந்த ஒரே ஓர் எண் வேறுபாட்டில் கரைந்துபோயின. தோல்வியை மறைக்காமல் அச்சிட்டார்களே, அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன்.

இதற்கு நேர்மாறாக, மிக எளிய ஒரு வழியும் முயலப்பட்டது. ஸ்வீடன் நாட்டின் ஓரெப்ரோ நகரில் பணிபுரிந்த டொமிங்கோஸ் சூசா என்ற மருத்துவர், சிரையைச் சுற்றியுள்ள கொழுப்பை உரிக்காமல், ஊதிப் பார்க்காமல், அது இருந்தபடியே எடுத்துப் பொருத்தினார். அவரது முறை அச்சில் வந்ததும் 1996-இல்தான். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அவ்வாறு எடுத்த ஒட்டுகளில் நூற்றுக்கு 83 திறந்திருந்தன. பழைய முறையில் எடுத்தவற்றில் 64. ஆனால் அது சிறிய ஆய்வு. 2021-இல் சீனாவில் 2,655 நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இம்முறைக்குச் சாதகமாக வந்தது. 2024-இல் ஸ்வீடனிலேயே வெளியான பெரிய ஆய்விலோ இரண்டு ஆண்டுகளில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. காலின் புண் ஆறுவதில்தான் தொல்லை கூடிற்று. வழக்கு இன்னும் முடியவில்லை.

இவற்றுள் 2007-ஆம் ஆண்டளவில் நான் படித்தவற்றை வாப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும் செய்தியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ஆமா, வால்வைத் திருப்பிப் போட்டா தண்ணி ஏறாதே" என்றார். சிரை தன்னைத் தமனியாக்கிக்கொள்ள முயலுகிறது என்றபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாவம்" என்றார். தம் நோயைக் குறித்து அவர் இரக்கப்படவில்லை. பதினோரு ஆண்டுகள் தமக்காக உழைத்த அந்தச் சிரையைக் குறித்து இரக்கப்பட்டார்.

ஆனால் நான் அவரிடம் சொல்லாத செய்தி ஒன்று இருந்தது.

என் தங்கை மகள் தந்த கட்டுரைகளுள் ஒன்று 1997-இல் வெளிவந்தது. பைபாஸ் செய்துகொண்ட 1,351 பேரிடம் நடந்த ஆய்வு அது. ஒரு சாராருக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைச் சிறிதளவே கொடுத்தார்கள். மற்றொரு சாராருக்குக் கெட்ட கொழுப்பு மிகவும் தாழ்ந்துபோகும்வரை கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், முதல் சாராரின் ஒட்டுக்குழாய்களில் நூற்றுக்கு 39-இல் கேடு முற்றியிருந்தது. இரண்டாம் சாராருக்கு 27-இல். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த வார்ஃபரின் மருந்தால் பயன் விளையவில்லை. ஆயினும் மூன்றாவது பருவத்தின் கேட்டை மாத்திரையால் ஓரளவு தடுத்து நிறுத்தலாம் என்பது நிலைநாட்டப்பட்டது.

அந்தக் கட்டுரையை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை, படிக்க முடியவில்லை. ஏனெனில் 1999-இல் வாப்பாவுக்கு அந்த வகை மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தார். ஈராண்டு கழித்து இரத்தப் பரிசோதனை செய்ததில் கொழுப்பு அளவாக இருந்தது. பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் சொன்னேன்: "எல்லாம் சரியாகிவிட்டதே வாப்பா, இனி இந்த மாத்திரை எதற்கு? ஈரலுக்குக் கெடுதல் என்கிறார்களே." குடும்பத்தில் விஞ்ஞானம் படித்தவன் நான். என் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு. அன்றே மாத்திரை நின்றது. மருத்துவரிடம் கேட்கவேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. மாத்திரையால்தான் அளவு சரியாக இருக்கிறது; நிறுத்தினால் மீண்டும் ஏறும் என்ற எளிய உண்மை, மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் காரண காரியம் கற்பித்த எனக்கு விளங்கவில்லை.

அந்த மாத்திரை தொடர்ந்திருந்தால் அடைத்திருக்காது என்று என்னால் உறுதி கூற முடியாது. மாத்திரையை நன்றாக உண்டவர்களிலும் நூற்றுக்கு 27 குழாய்களில் கேடு முற்றியதே! ஆனால் வழக்கு நடந்த அன்று, என் பக்கத்தில் ஒரு சாட்சி இருந்தது என்பதை நான் மறைத்தேன். என் தாயார் மேல் விழுந்த தீர்ப்பின் நிழலில் நான் வசதியாக ஒதுங்கி நின்றேன்.

மருத்துவர்கள் இரண்டாம் அறுவை வேண்டாம் என்று முடிவு செய்து, பழைய தமனி ஒன்றில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஊர் திரும்பிய மூன்றாம் நாள், மஃரிபுக்குப் பின் திண்ணையில் தனியே அமர்ந்திருந்த வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சொன்னே, நிறுத்தினவன் நான்தானே? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். சற்று நேரம் தெருவைப் பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "எங்கிட்டே சொன்னது போதாது. உம்மாகிட்டே போய்ச் சொல்லு. அவ நெய்ச்சாடியைத் தூக்கி எங்கே வெச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா? பத்தாயத்துக்குப் பின்னாலே ஒளிச்சு வெச்சிருக்கா."

அடுக்களைக்குப் போனேன். உம்மா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஆராய்ச்சிகளையும் எண்களையும் விட்டுவிட்டு, குற்றம் உங்களுடையது அன்று என்பதையும், மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான் என்பதையும், அன்று நான் வாய் திறக்காமல் இருந்ததையும் மட்டும் சொன்னேன். உம்மா கையை நிறுத்தவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கடைசித் தட்டையும் அடுப்பில் ஏற்றிவிட்டு, "அந்த மாத்திரையை எப்ப குடுக்கணும் வாப்பா, காலையிலேயா ராத்திரியிலேயா?" என்று கேட்டார்கள்.

இரவில் என்றேன்.

அன்று முதல் ஆறு ஆண்டுகள், ஓர் இரவும் தவறாமல், ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் வெந்நீருமாக உம்மா வாப்பாவின் கட்டிலருகே நின்றார்கள். எழுத்தறியாத அவர்கள் அந்த அட்டையின் நிறத்தை வைத்தே மாத்திரையை அடையாளம் கண்டார்கள். இரவு மாத்திரை ஆதலால் நோன்பு மாதத்திலும் இடையூறு இல்லை. அடுத்த பெருநாளன்று நெய்ச்சாடி பத்தாயத்தின் பின்னாலிருந்து அலமாரிக்குத் திரும்பி வந்தது. வாப்பாவின் தட்டில் ஒரே ஒரு கரண்டி நெய்ச்சோறு விழுந்தது. பெரிய மாமியும் அன்று விருந்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன், நான் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். எத்தனையோ காலம் முன்பே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் அவை.

வாப்பா 2013-ஆம் ஆண்டில், எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார்கள். உம்மாவும் இப்போது இல்லை. அதே வகை மாத்திரையை இன்று நான் இரவுதோறும் விழுங்குகிறேன்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் குடும்பங்களில், நெஞ்சில் தழும்போடும் காலில் தழும்போடும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். அவருக்கு அறுவை செய்த மருத்துவர் தந்தது முடிந்துபோன வேலை அன்று. நாள்தோறும் பேணவேண்டிய ஓர் அமானிதம். மாத்திரைத் தாளில் எண் சரியாக இருந்தால், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். மருந்து வேண்டாம் என்று பொருளன்று. நிறுத்துவதென்றால் மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள். என்னைப் போன்ற அரைகுறை விஞ்ஞானியைக் கேட்டு நிறுத்தாதீர்கள். அப்படியும் ஒருநாள் அந்தச் சிரை அடைத்துக்கொண்டால், அன்று மாலை வீட்டில் நீதிமன்றத்தைக் கூட்டாதீர்கள். கூடியே தீருமென்றால், அடுக்களையை நோக்கி விரலை நீட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள்.